ஒட்டுத் தெரியாத பொனற்

11.05.2025, ஞாயிறு

நாரந்தனையில் இன்று முழுக்கக் கரண்ட் வருவதும் போவதும்தான். பழைய பிறிஜ்ஜின் கொம்பிரசரைக் கழற்றி என் மனிசன் நிசாந்தன் காற்று உறிஞ்சும் பம்பாக்கி வைத்திருக்கிறார். காபன் துணியில் ஊறின றெசின் பசை இறுகும் வரை அது ஓடவேண்டும். ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் இவரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! எங்கள் கலியாணத்தன்றுகூட இந்த மனிசன் இப்படித் தவிக்கவில்லை.

எப்படியோ தப்பியது. எங்களின் முதல் காபன் பொனற், காரின் எஞ்சின் மூடி. சுருவில் வாகீசன் மாஸ்ரரின் காருக்கு.

14.05.2025, புதன்

மாஸ்ரர் வந்தார். "ஒட்டுப் போட்ட இடமே தெரியேல்லை, தங்கச்சி" என்று தடவித் தடவிப் பார்த்தார்.

இவரின் தமையன் கனடாவிலிருந்து அனுப்பியது வெட்டித் தள்ளிய காபன் துணித் துண்டுகள். முழுத்துணி வாங்க எங்களுக்கு ஏலாது. துண்டுகளைச் சேர்த்தது நான். பதினெட்டு வருசம் சட்டை தைத்த கை இது. கோடு போட்ட துணியில் கோட்டோடு கோடு பொருத்தத் தெரிந்தவளுக்கு இந்தக் கறுப்புப் பின்னல் ஒரு வேலையா? பெருமையாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.

29.05.2025, வியாழன்

எங்கள் காருக்கும் ஒன்று. அதே துண்டுகள். "ஒரு துண்டு மற்றதுக்கு மேலை நாலு விரல் ஏறவேணும், பவா" என்று இவர் திரும்பவும் சொன்னார். ஓம் ஓம் என்றேன். ஏற்றினால் அந்த இடம் மேடு தட்டும், கண்ணை உறுத்தும், துணியும் காணாது. மாஸ்ரரின் பொனற்றைப் போலவே விளிம்போடு விளிம்பு வைத்துச் சேர்த்தேன், இரண்டு படையையும் ஒரே நேர்கோட்டில். இவருக்கே தெரியவில்லை!

12.06.2025, வியாழன்

கடலுக்கு நடுவே பண்ணைப் பாலம். ஆளைத் தள்ளும் சோளகக் காற்று. பொனற் எழும்பி முன் கண்ணாடியை உடைத்து — இவரின் முகம் —

எழுத ஏலாது.

13.06.2025, வெள்ளி

வலக்கண் போய்விட்டது. டொக்டர் சொல்லும்போது நான் அவரின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் வாய் திறந்து முதலில் சொன்னது: "பொனற் கொழுவியை நான் சரியாப் பூட்டேல்லை. என்ரை பிழை. நீர் அழாதையும்." பொலிசுக்கும் அதையேதான் சொன்னார்.

17.06.2025, செவ்வாய்

காரை இழுத்துவந்து வளவுக்குள் விட்டிருக்கிறார்கள். தறப்பாளைத் தூக்கிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்?

பொனற்றின் முன்பக்கம் ஒரு முழ அகலத்துக்குக் காரிலேயே இருக்கிறது. கொழுவி பூட்டினது பூட்டினபடி. அதற்குப் பின்னால் உள்ளதுதான் முறிந்து எழும்பியிருக்கிறது. முறிந்த விளிம்பு கத்தரிக்கோலால் வெட்டியது போல நேர். அது என் ஒட்டு.

இவர் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டு கிடக்கிறார். சொல்லவேண்டும். எந்த வாயால் சொல்ல?

தறப்பாளை மூடிவிட்டேன்.

21.06.2025, சனி

ஆஸ்பத்திரிக்குப் போக வேலணையில் பஸ்ஸுக்கு நின்றேன். மாஸ்ரரின் கார் தாண்டிப் போனது. பின்சீற்றில் இரண்டு மகள்மாரும். சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் ரியூசன். அதே பாலத்தால்தான் போகவேண்டும். பிள்ளைகள் கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

மாஸ்ரருக்குச் சொன்னால் இவருக்கும் தெரியவரும். சொல்லாவிட்டால்? சீ, என்ன பெண்பிறப்பு நான்!

24.06.2025, செவ்வாய்

இவரை வீட்டுக்கு விட்டார்கள்.

27.06.2025, வெள்ளி

நாளை சனி. விடியவே மாஸ்ரருக்குக் கோல் எடுத்தேன்.

"காரை எடுக்காதேங்கோ, மாஸ்ரர். பொனற் முறியும். நான் வைச்ச ஒட்டுப் பிழை."

"எத்தினை நாளாத் தெரியும்?"

பத்து நாள் என்றேன். வைத்துவிட்டார்.

பின்னேரம் பொனற்றைக் கழற்றி ஒரு சின்ன லொறியில் கொண்டுவந்து படலையடியில் போட்டுவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவே இல்லை. முழங்காலை வைத்து ஒருதரம் அழுத்தினேன். அப்பளம் போல முறிந்தது. அதே கோட்டில்.

29.06.2025, ஞாயிறு

இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கதிரையில் இருந்தபடி கேட்டார்.

"தெரியும்" என்றார். "கொழுவியை ரண்டுதரம் இழுத்துப் பாத்திட்டுத்தான் வெளிக்கிட்டனான். உம்மடை ஒட்டுத்தான் விட்டிருக்கும் எண்டு அண்டைக்கே விளங்கினது. நீர் தாங்கமாட்டீர் எண்டுதான் சொல்லேல்லை."

அவர் மடியில் விழுந்து அழுதேன். இப்படி ஒரு மனிசன் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். பிறகுதான் உறைத்தது.

"அப்ப மாஸ்ரற்றை பொனற்றும் அப்பிடித்தான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

இவர் கண்ணுக் கட்டைத் தடவினார்.

"அந்தப் பிள்ளையளும் அதுக்குள்ளை போறது தெரியுமெல்லே?"

மிஞ்சியிருக்கிற கண்ணையும் என்னைவிட்டுத் திருப்பிக்கொண்டார்.

நான் மட்டும் என்ன? பத்து நாள் வாய்மூடி இருந்தவள்தானே. ஆனாலும் எனக்கு அவரைத் தொட மனம் வரவில்லை.

06.07.2025, ஞாயிறு

இரண்டு பேருமாக மன்னிப்புக் கேட்கச் சுருவிலுக்குப் போனோம். மாஸ்ரர் வெளியே வரவில்லை. மூத்த பிள்ளை யன்னலால் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டது. கொஞ்சநேரம் றோட்டில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இடமிருந்தது. இவர் முன்சீற்றில் போய் இருந்தார். நான் கூப்பிடவில்லை.