பயன்படுத்துவோர் இல்லாத படிக்கட்டு

ஐசே,

வீட்டு வரி பில் வந்திருக்கிறது. ரொறன்ரோ அஜின்கோர்ட்டில் வீடு வாங்கிய பிறகு என் பெயருக்கு வந்த முதல் பில். மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். தேத்தண்ணீர்க் கோப்பையோடு நெடுநேரமாக அதன் முன்னால் நிற்கிறேன். மற்றவர்கள் அடியில் இருக்கிற தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நான் உம்மோடு பழகிக் கெட்டுப்போனவன். இதில் எவ்வளவு துறைமுகத்துக்குப் போகும் என்று யோசிக்கிறேன்.

நீர் அதை ஒருநாளும் வீட்டு வரி என்று சொன்னதில்லை. ஊரில் பட்டினசபையில் கிளாக்கராக இருந்த பழக்கத்தில் கடைசிவரைக்கும் ‘சோலை வரி’ என்றுதான் சொன்னீர். ரொறன்ரோவுக்கு எங்கே சோலையும் வரியும் என்று நானும் தம்பியும் உம்மைப் பகிடி பண்ணுவோம். வெக்ஸ்போர்ட்டில் அந்த பேஸ்மென்டில் மூன்று பேரும் ஒன்றாக இருந்த காலம். தம்பியும் நானும் ஃபக்டரியில், நீர் துறைமுக அலுவலகத்தில் கிளீனிங். அங்கே வரவேற்பு மேசையில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தைப் புத்தகமாக வைப்பார்களாம், பொதுமக்கள் எடுத்து வாசிப்பதற்கு. ஒருவரும் எடுப்பதில்லை. தூசி தட்டத் தட்ட ஒருநாள் நீர் திறந்து பார்த்தீர். அதோடு தொடங்கியது வினை.

“கப்பல் குறைஞ்சுபோச்சு, ஐசே. துறைமுகத்துக்கு வாற காசு காணாது. துண்டு விழுறதைச் சோலை வரியில எடுத்து நிரப்பினம். சனத்தின்ர காசெண்டபடியா சனத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேணும். ஆரும் போய்க் கதைக்கலாம், அஞ்சு நிமிஷம்.”

சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னீர். நான் உமக்கு ‘ஐசே’, நீர் எனக்கு ‘ஐசே’, பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அதில் ஒரு அக்கறையும் இருக்கவில்லை. மாசம் முடிந்தால் வாடகை கொடுக்கிற எனக்கு வரி என்ன, துறைமுகம் என்ன.

அடுத்த வருடம் தம்பி போய்விட்டான். இரத்தத்தில் வந்த நோய் மூன்று மாதம்கூட அவனுக்குக் கொடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் சாம்பலைக் கரைக்க வேண்டும். ஊரென்றால் கீரிமலைக் கடலுக்குப் போயிருப்போம். இங்கே எந்தத் தண்ணீரில் கரைப்பது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் சாம்பல் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நீர்தான் அலுவலகக் காவலாளியிடம் பேசி அனுமதி வாங்கி வந்தீர். கட்டடத்துக்குப் பின்னால் ஏரிக்குள் இறங்குகிற ஒரு பழைய கொங்கிரீட் படிக்கட்டு. அதில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது. நான் கடைசிப் படியில் குனிந்தபோது பின்னாலிருந்து என் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர். தம்பி கையிலிருந்து தண்ணீருக்குள் போனான். நான் அழுது முடியும்வரை நீர் பிடியை விடவில்லை.

பிறகு வாளியும் துணியும் கொண்டுவந்து ஒவ்வொரு பூவிதழாகப் பொறுக்கினீர். கற்பூரக் கரியைத் துடைத்தீர்.

“வந்த தடம் இருக்கக் கூடாது. நாளைக்கு வேறை ஆருக்கும் தேவைப்படும்.”

தேவைப்பட்டது. கதை காதோடு காதாகப் பரவியது. சனங்கள் உம்மிடம் கேட்டுக்கொண்டு விடியற்காலையில் வருவார்கள், கரைப்பார்கள், நீர் சொன்னபடியே துடைத்துவிட்டுப் போவார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆளில்லை.

அந்த இலையுதிர் காலத்துப் புத்தகத்தை நீர் வீட்டுக்கே கொண்டுவந்தீர். ஒரு பக்கத்தில் விரலை வைத்து எனக்குக் காட்டினீர். பின்புறப் படிக்கட்டு, பயன்படுத்துவோர் இல்லை, பராமரிப்பை நிறுத்தி வேலியடைக்கலாம். சனத்தின் வரிக்காசைச் செலவழிப்பதால் தேவையில்லாத செலவை வெட்டுகிறார்களாம். அவர்கள் பக்கத்தில் பிழை சொல்ல முடியாது.

“நாங்கள் கூட்டித் துடைச்சதுதான் பிழை,” என்றீர்.

குசினி மேசையில் ஒரு தாளை வைத்து அடிமட்டத்தால் கோடு போட்டீர். இந்தப் படிக்கட்டை நாங்கள் பயன்படுத்துகிறோம் என்று மேலே ஆங்கிலத்தில் எழுதி, முதல் கோட்டில் உமது பெயரும் கையெழுத்தும். பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினீர். ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. ஒருவருக்கு அகதிக் கேஸ் முடியவில்லை, இன்னொருவருக்குப் பேப்பர் வரவில்லை. அரசாங்கத்துக்குப் போகிற தாளில் பெயர் இருந்தால் என்ன வருமோ என்ற பயம் எல்லோருக்கும். ஓடி வந்தவர்களின் பயம் அது, பழிக்க மாட்டேன்.

ஆனால் என்னைப் பழிக்கிறேன்.

“என்ர பேரை விடும், ஐசே. மனிசியை இஞ்ச எடுக்கிற ஸ்பொன்சர் போய்க்கொண்டிருக்கு.”

“ஓம், விளங்குது,” என்றீர். விளங்கியும்தான் இருக்கும். இரண்டாம் கோட்டை வெறுமையாக விட்டுவிட்டுத் தாளை மடித்தீர்.

கூட்டத்துக்குத் துணைக்காவது வருகிறேன் என்று கூட வந்தேன். உம்மிடம் இருந்த ஒரே கோட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் தடித்த ஃபைலோடு வந்தீர். பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, அடையாள அட்டை, அகதி வழக்கின் தீர்ப்பு, பட்டினசபை வேலைக் கடிதம். அதிகாரிகள் முன்னால் வாய் திறப்பதென்றால் முதலில் நான் ஆர் என்று காட்ட வேண்டும் என்று நினைத்தீர். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெயர் கூப்பிட்டதும் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பினீர். தலைவியாக இருந்த பெண்மணி, இவை ஒன்றும் தேவையில்லை, பேசினால் போதும் என்றார். அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

வீட்டு வரி கட்டுபவரா என்று ஒருவர் கேட்டார். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறேன், என் வாடகைக்குள் அந்த வரியும் இருக்கிறது என்றீர், உடைந்த ஆங்கிலத்தில், ஆனால் தடுமாறாமல். படிக்கட்டைப் பற்றிச் சொன்னீர், சாம்பலைப் பற்றிச் சொன்னீர். அப்போது தலைவி தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதைப் பயன்படுத்துகிற வேறு யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் பின்வரிசையில் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பி அந்தத் தண்ணீரில்தான் இருந்தான். எழும்புவதற்கு ஒரு நொடி போதும். நான் எழும்பவில்லை. நீர் திரும்பிப் பார்க்கவுமில்லை. ஒரு தலையசைப்பில் என்னைக் காட்டியிருக்கலாம்.

“எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள், மேடம்,” என்றீர்.

திரும்பி வரும்போது சப்வே ரயிலில் ஒரு மட்டன் ரோலை உடைத்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தீர். கூட்டத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அன்றைக்கே ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர்கள் முடிவை ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். அடுத்த வருடமும் நீர் போனீர், அதற்கடுத்த வருடமும். ஒரு முறை கைபிடிக் கம்பி போடுவதற்குக்கூடப் பணம் ஒதுக்க வைத்தீர். மனைவி வந்தாள், நான் வீடு மாறினேன், ஷிஃப்ட்டைச் சாட்டாக வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டேன். போன குளிர்காலத்தில் உமது நெஞ்சு நின்றுபோனதாக ஃபோன் வந்தது.

உமது முப்பத்தோராம் நாளில் உமது சாம்பல் முட்டியோடு அந்தப் படியில் இறங்கினேன். பெல்ட்டைப் பிடிக்க ஆளில்லை. நீர் போடவைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கரைத்து முடிந்ததும் பழக்கத்தில் பூக்களைப் பொறுக்கக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். செவ்வந்திப் பூக்களை அப்படியே படியில் விட்டுவிட்டு வந்தேன். உமது சொல்லை மீறினேன், மன்னித்துக்கொள்ளும்.

இலையுதிர் காலம் வந்ததும் துறைமுக அலுவலகத்துக்குப் போய் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் தூசி இருந்தது. உள்ளே பழைய வாசகம் திரும்ப வந்திருந்தது: பயன்படுத்துவோர் இல்லை. வேலியடைப்பதா இல்லையா என்று இன்னும் அவர்கள் முடிவு சொல்லவில்லை. ஆனால் கூட்டத்துக்குப் போனேன். உமது பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த அந்தத் தாளை விரித்து, போகிற வழியில் சப்வேயிலேயே, முழங்காலில் வைத்து, இரண்டாம் கோட்டில் முழுப்பெயர் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இரயில் ஆட்டத்தில் எழுத்து கோணிவிட்டது. தேவையில்லை என்று தெரிந்தும் பிறப்புச் சான்றிதழையும் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அதே தலைவிதான், தலை நன்றாக நரைத்திருந்தது. தாளை வாங்கிப் பார்த்தார். உமது பெயரைத் தொட்டு, இவர் வரவில்லையா என்றார். அவர் அந்தத் தண்ணீரில் இருக்கிறார், என் தம்பியும் அங்கேதான் இருக்கிறான் என்றேன். தாளை மெல்ல மேசையில் வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மற்றவர்கள் எங்கே என்று கேட்டார்.

“எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள், மேடம்,” என்றேன். “நான் இன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.”