இறந்த பன்னிரண்டு பெண்களை உயிரோடிருப்பதாகச் சொல்லும் அறிக்கை

அனுப்புநர்:
சுகிர்தபாய்,
தையல் தொழிலாளி,
மாவிளைக்கோணம், பாறசாலை,
நெய்யாற்றின்கரை வட்டம்,
திருவனந்தபுரம் மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
எல்லைக் கிராமப் பெண்கள் புற்றுநோய் ஆய்வுத் திட்டம்,
திருவனந்தபுரம்.

பொருள்: தங்கள் ஐந்தாண்டு அறிக்கையில் உள்ள உயிர்பிழைப்புக் கணக்கைத் திருத்துதல், நிறுத்தப்பட்ட மார்பகப் பரிசோதனை வண்டியை மீண்டும் அனுப்புதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தமிழில் எழுதுவதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். 2019-ஆம் ஆண்டு எங்களிடம் கையொப்பம் வாங்கிய சம்மதப் படிவம் நல்ல தமிழில்தான் இருந்தது. இந்த ஆகஸ்டில் வந்த அறிக்கைதான் ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியை ஸ்மிதா படித்துப் பொருள் சொன்னார்.

2. தங்கள் திட்டத்துக்காக ஊதியமில்லாத் தன்னார்வலராக ஆறு கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். மார்பைப் பிறரிடம் காட்டுவதா என்று முகம் சுளித்தவர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்தவளும் நான். "ரத்தம் குடுங்க, அறுத்தெடுத்த கட்டியில ஒரு துண்டும் குடுங்க. அஞ்சு வருசம் நம்மள விடாம பாப்பாங்க, மூணு மாசத்துக்கு ஒருக்க வண்டி வரும்" என்று தங்கள் சார்பில் வாக்குக் கொடுத்தேன். நோய் கண்டறியப்பட்ட முப்பத்தெட்டுப் பெண்களும் என் பேச்சை நம்பிக் கையொப்பமிட்டார்கள்.

3. அவர்களில் ஒருவர் புஷ்பபாய், என் தம்பி ஜெயதாசின் மனைவி. ஊசி என்றாலே பயப்படுபவர். "மைனி சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று கையை நீட்டினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நன்றாகவே இருந்தார். நோய் எலும்புக்குப் பரவியதும் தாய்வீட்டுக்குக் கொண்டுபோனோம். படுக்கையில் விழுந்த பெண்ணைப் பிறந்த வீட்டார் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவருடைய தாய்வீடு ஊரம்பில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் சிறிது தூரம்தான், ஆனால் அது தமிழ்நாடு. 2022 பிப்ரவரி 9 அன்று அங்கே இறந்தார். சட்டப்படி இறப்பும் அங்கேயே பதிவானது.

4. அடுத்த வாரமே தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். "அது தமிழ்நாட்டுக் கணக்காக்கும் சேச்சீ, நம்ம இதில வராது" என்றார் பேசிய பணியாளர். எங்கோ ஓரிடத்தில் புஷ்பபாயையும் எண்ணியிருப்பார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். அது என் தவறு, மறைக்கவில்லை.

5. முப்பத்தெட்டு பேரில் முப்பத்தொரு பேர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிருடன் உள்ளனர், நூற்றுக்கு எண்பத்திரண்டு, மற்ற மாவட்டங்களுக்கு முன்மாதிரி என்கிறது அறிக்கை. எப்படி என்பது அடிக்குறிப்பில் இருக்கிறது. கேரள இறப்புப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் உயிருடன் இருப்பவராகக் கொள்ளப்பட்டாராம். செப்டம்பர் முழுவதும் தையலை நிறுத்திவிட்டு அந்த முப்பத்தொரு வீட்டுக்கும் போனேன். பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். மற்ற பன்னிரண்டு பேரும் எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்வீட்டில் இறந்தவர்கள். அந்த அரசுக்கு அவர்கள் கேரளத்து நோயாளிகள். தங்களுக்கோ அவர்கள் உயிரோடிருப்பவர்கள். உண்மையில் பிழைத்தவர்கள் சரிபாதிப் பேர்தான். ஐயா, ஒரே ஒரு தடவை வீட்டு வாசலில் வந்து கேட்டிருக்கலாம். வழி தெரியாதென்றால் நானே கூட வந்திருப்பேன்.

6. எங்கள் கிராமங்களில் புதிதாக நோய் காண்போர் ஆண்டுதோறும் கூடுவதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. ஆனாலும் 'உயிர்பிழைப்பு திருப்திகரம்' என்ற ஒற்றை வரியைக் காட்டி ஆய்வு நிதியை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டீர்கள். செப்டம்பர் முதல் வண்டி வரவில்லை. எங்கள் செத்தவர்களை வைத்தே எங்களுக்கு வந்த உதவியை நிறுத்தியிருக்கிறீர்கள்.

7. அக்டோபர் தொடக்கத்தில் புஷ்பபாய் பெயருக்குத் தங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நோயை வென்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் விழாவாம், குடும்பத்துடன் வர வேண்டுமாம். உறையைப் பிரித்தது என் தம்பி. அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எக்கா, நீ சொல்லித்தானே அவ ஒப்பு போட்டா?" என்று மட்டும் கேட்டான். அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. நான் ஏமாந்தது போகட்டும். என் வாயாலேயே என் வீட்டாரை ஏமாற்ற வைத்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

8. புஷ்பபாயின் மகள் ஷிஜாவுக்கு இருபத்தாறு வயது. பாலராமபுரத்தில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்க்கிறாள். இடது மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று செப்டம்பரில் என்னிடம் சொன்னாள். வண்டி இல்லாததால் நகரத்து மருத்துவமனைக்குக் கூப்பிட்டேன், சம்மதித்திருந்தாள். கடிதம் வந்த பிறகு மறுத்துவிட்டாள். "செத்த அம்மைய உயிரோட இருக்கான்னு எழுதினவங்க எனக்கு என்னத்த எழுதுவாங்க மாமி? நான் ஒரு எடத்துக்கும் வாறதில்ல" என்கிறாள். ஆறு வாரம் ஓடிவிட்டது. சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம். பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

9. எனவே தங்களிடம் வேண்டுவது: அறிக்கையைத் திருத்தி, தமிழிலும் வெளியிட வேண்டும். இனி எல்லைக்கு இருபுறமும் உள்ள இறப்புப் பதிவேடுகளைப் பார்த்தும், வீட்டில் கேட்டும் கணக்கெடுக்க வேண்டும். வண்டியை மீண்டும் அனுப்ப வேண்டும். இவற்றுக்குக் கோப்பு, குழு, ஒப்புதல் என்று நாளாகும், எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றுக்கு நாளாகாது. தாங்களோ தங்கள் பெண் மருத்துவர் ஒருவரோ இந்த வாரமே ஷிஜாவின் வீட்டுக்கு நேரில் வந்து, அவள் அம்மா இறந்ததை விசாரிக்காமல் எழுதியது தங்கள் தவறு என்று அவளிடம் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் பரிசோதனைக்கு வருவாள் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் இருக்கிறது. தங்களுக்காக அந்த வீட்டில் பேச இனி எனக்கு முகமில்லை.

தங்கள் வருகையை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
சுகிர்தபாய்

இடம்: பாறசாலை
நாள்: 17.11.2025

இணைப்பு:
இறப்புச் சான்றிதழ் நகல்கள் – 9.
கல்லறைப் புகைப்படங்கள் – 3 (இந்த மூன்று வீட்டாரும் இனி எந்தத் தாளையும் யாரிடமும் தருவதில்லை என்றுவிட்டனர்).
என் தன்னார்வலர் அடையாள அட்டை – அசல். திருப்பி அனுப்பத் தேவையில்லை.