மட்டைக்கால் ஸ்டூல்

வெள்ளிக்கிழமை, நகரி

முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றுகிறாள் என் மனைவி. அவளுக்காக என் பழைய கிரிக்கெட் மட்டைகளை அறுத்து ஸ்டூல் செய்தேன். கைப்பிடிகள்தான் கால்கள். இன்று உட்கார்ந்ததுமே, கீறல் விட்டிருந்த ஒரு பிடி முறிந்து, அவள் விழுந்துவிட்டாள். நல்லவேளை, அடியில்லை.

எழுந்தவள் பரண்மேல் உறைக்குள் இருக்கும் மட்டையைக் காட்டினாள்.

"இன்னாய்யா, நல்ல பேட்ட மேல வச்சிக்கினு, ஒடஞ்சத எனக்குக் காலா வச்சியா?"

முதுகு போய், நான் கிரிக்கெட் ஆடுவதை நிறுத்தி எட்டு வருஷமாகிறது. இனியும் ஆடப்போவதில்லை.

நாளை அந்த நல்ல மட்டையை அறுத்துக் கால் வைப்பேன். இந்த முறை கைப்பிடி வேண்டாம், அகலப் பக்கம்தான். காலையில் மனசு மாறிவிடக் கூடாது. அதனால் உறையைக் கழற்றி, நட்டநடுவில் இப்போதே ரம்பத்தை ஒருமுறை இழுத்துவிட்டேன்.