தொரைக்கு முன்னால் நான் பேசிய பேச்சு

இன்று காலை மகளின் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டேன். சட்டையில் பால் புளித்த வாசனை. உடனே உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பசறைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு வரிசையில் நீ என் பக்கத்துக் காம்பராக்காரி. அப்போது உனக்குக் கைக்குழந்தை. மேல்மலையில் கொழுந்து எடுக்கும்போது, நடுவில் இறங்கி, ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த குழந்தைக்குப் பால் கொடுக்கக் கங்காணி விடமாட்டார். அதற்குக் கால் மணி நேரம் கேட்கத்தான் தோட்டத்தை நடத்தும் தொரையைப் பார்க்கப் போனோம். தொழிற்சங்கத்தின் மாதர் தலைவி என்று என்னைப் பேச வைத்தீர்கள்.

முதல் நாள் உன்னிடம் பேசிக் காட்டினேன். பதுளை மே தினக் கூட்டப் பேச்செல்லாம் எனக்கு மனப்பாடம். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொதல்ல பாலுக்கு நேரம் வேணும்னு சொல்லிரு புள்ள. மத்ததெல்லாம் பொறகு பேசிக்கலாம்" என்றாய். எடுத்த எடுப்பில் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று உன் வாயை அடைத்தேன். எவ்வளவு திமிர் எனக்கு!

மறுநாள் 'பெரிய தொரை அவர்களே' என்று தொடங்கினேன். பிறகு சின்னத்தொரை, பெரிய கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணிமார் என்று ஒருவரையும் விடவில்லை. ஆளுக்கு ஒரு பட்டம் வேறு. அடுத்துத் தோட்டத்தின் பெருமை. தேயிலையின் பெருமைக்கு வந்தபோது தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். எதற்கு வந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. கிளாக்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்.

வெளியே வந்தபோதுதான் பார்த்தேன், உன் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "நல்லாத்தான் பேசுன. எம் புள்ளயப் பத்தித்தான் ஒண்ணும் பேசல" என்றாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் தொரை லீவில் போய்விட்டார். பல மாதம் கழித்து மறுபடி அவர் முன்னால் நிற்கக் கிடைத்தபோது, ஒரு வணக்கம், ஒரு வாக்கியம். அவ்வளவுதான் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டார். அதற்குள் உனக்குப் பால் வற்றிவிட்டது. உன் பிள்ளை கடையில் வாங்கிக் கரைக்கிற மாப்பாலுக்கு மாறியிருந்தான்.

பிறகு எத்தனையோ கூட்டங்களில் பேசிவிட்டேன். சுருக்கமாகப் பேசுகிறவள் என்று பெயரும் எடுத்தேன். யாராவது அதைச் சொல்லிப் பாராட்டினால் தலை குனிந்துகொள்கிறேன். கால் மணி நேரம் கிடைத்த அன்று, கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். நீயும் அவர்களுக்குப் பின்னால் காத்து நின்று, அவர்களைப் போலவே என் கையைப் பிடித்தாய். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.