ஒரு கை தண்ணீர்

பேசாலை, மன்னார்
12.9.1959

சேசு மரி சூசை துணை

அன்புள்ள எமிலியானுஸ் அண்ணைக்கு,

இங்கே நாங்கள் சுகம். அங்கே உங்கள் சுகமும் குளிரும் எப்படியோ? நீங்கள் மாமாவாகி ஒன்பது நாளாகிறது. பெண்பிள்ளை. மூன்றாம் திகதி காலமை பிறந்தாள். இவர் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வாசலில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தாராம். பிள்ளை பெற்றது நானா சிங்கராசாவா என்று ஊர் முழுக்கச் சிரிப்பு. மூக்கு நம் அப்பாவுடையது. வாயும் அப்பாவுடையதுதான், மூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா, அம்மா போனபிறகு எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். என் தலைப்பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நீங்கள் வந்து நிற்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர் வேலை என்று போன ஆள், ஆற்றில் முங்கி எழும்பி வேறு சபைப் பிரசங்கியாராக மாறினதை நான் மறக்கவில்லை. ஆனால் சுவாமியாரிடம் கேட்டுவிட்டேன். ஒரு பாவசங்கீர்த்தனம் செய்து கோயிலுக்குத் திரும்பி வந்தால் போதுமாம், தாராளமாக நிற்கலாமாம். ஆறு வருஷத்துப் பாவம் என்றாலும் அவர் பொறுமைசாலி, கேட்பார்.

உங்களுக்காக ஞானஸ்நானத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன். கெதியாக வாங்கோ. கருவாட்டுப் பார்சல் வேறாக வருகிறது. மணத்துக்காக றெயில்காரர் தூக்கி எறியாமல் இருக்க வேண்டும்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
அன்ரோனெற்

*

கல்லாற்றுத் தோட்டம், மேல்கணக்கு
பசறை
23.9.1959

கர்த்தர் நல்லவர்

என் அன்புத் தங்கச்சிக்கு,

கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். முதல்தரம் சிரித்தேன், இரண்டாம்தரம் கொஞ்சம் அழுதேன். பார்சலும் வந்து சேர்ந்தது. அது வந்ததைத் தொழிலாளர் லயத்தில் இருபது வீடும் என்னிடம் வந்து சொன்னது.

என் பாடு கேள். விடிய ஐந்து மணிக்கு, ஆட்களை வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்பு அடிக்கும்போது நானும் எழும்பிவிடுவேன். சனம் கொழுந்துக்குப் போகுமுன் இரண்டு லயத்தில் ஜெபம். பிறகு தோட்டத்தின் மூன்று பிரிவு, இங்கே கணக்கு என்பார்கள், மூன்றுக்கும் நடைதான். காலில் ஏறுகிற அட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டே வேதவசனம் யோசிப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, பெண்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்கிற பிள்ளைக் காம்பராவில். தலைக்கு மேலே வெறும் தொட்டில்கள் தொங்கும், கீழே நின்று நான் முழங்குவேன். பேசாலையில் என் குரலைக் கடல் அமுக்கிவிடும். இங்கே மலை திருப்பிச் சொல்கிறது, அதனால் இன்னும் உற்சாகம் பிடித்துவிடுகிறது.

இந்த வருஷம் பதினொரு பேரை ஆற்றில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்து எழுப்பினேன். தண்ணீர் ஐஸ் மாதிரி. கங்காணி செல்வநாயகம் வெளியே வந்து பல்லடித்துக்கொண்டு "ஆமென்" சொன்னது நாலு பேருக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் தன் புத்தியோடு, தன் வாயால் கேட்டு இறங்கினார். அதுதான் எனக்கு வேண்டும். ஒன்பது நாள் பிள்ளை எதைக் கேட்கும், எதை நம்பும்? அவள் வளர்ந்து தானாகச் சொல்லட்டும். சின்னப் பிள்ளைக்குத் தலையில் ஊற்றுவது ஞானஸ்நானம் அல்ல என்று லயம் லயமாகச் சொன்ன நான், உங்கள் கோயில் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு எந்த முகத்தோடு மலை ஏறுவேன்?

பிள்ளையைப் பார்க்க வருகிறேன். அதற்கு நிற்க மாட்டேன். கோபிக்காதே.

அன்புள்ள அண்ணன்,
எமிலியானுஸ்

*

பேசாலை
4.10.1959

சேசு மரி சூசை துணை

அண்ணைக்கு,

நான் அண்ணனைக் கேட்டேன். நீங்கள் பிரசங்கம் அனுப்பியிருக்கிறீர்கள். மலையில் ஏறினதும் தலைக்கும் ஏறிவிட்டது போலிருக்கிறது.

இங்கே ஒரு மாதப் பிள்ளை இன்னும் ஞானஸ்நானம் இல்லாமல் கிடக்கிறாள். கோயிலடியில் பெண்கள் கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். சுவாமியார் இரண்டுதரம் ஆள் அனுப்பிவிட்டார். இவர் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். எல்லாம் யாருக்காக?

செபமாலை மாதமான இந்த ஒக்டோபரின் கடைசி ஞாயிறு மட்டும் பொறுப்பேன். அதற்குள் வந்து நில்லுங்கோ. இல்லாவிட்டால் எனக்கு இனிக் கடிதமும் வேண்டாம், அண்ணனும் வேண்டாம்.

அன்ரோனெற்

*

கல்லாற்றுத் தோட்டம்
13.10.1959

கர்த்தர் நல்லவர்

தங்கச்சி,

மனதுக்கு மாறாக நின்றால் அது உன்னையும் ஏமாற்றுவது, உன் சுவாமியாரையும் ஏமாற்றுவது. வரமாட்டேன். கடிதம் வேண்டாம் என்றாலும் எழுதத்தான் போகிறேன். தபால்கார மர்சூக் கொண்டுவந்து தருவார். கிழிப்பதும் வாசிப்பதும் உன் இஷ்டம்.

என்றும் உன் அண்ணன்,
எமிலியானுஸ்

*

கல்லாற்றுத் தோட்டம்
29.11.1959

தங்கச்சி,

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்றும் தெரியும். ஆனால் இதை உனக்குத்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்குச் சொன்னாலும் பாதிதான் விளங்கும்.

இங்கே பத்து நாளாக விடாத மழை. மண் சரிந்து பசறை றோட்டு மூடிக் கிடக்கிறது. போன புதன்கிழமை மத்தியானம் ஐந்தாம் லயத்திலிருந்து ஓடிவந்து கூப்பிட்டார்கள். ஆரோக்கியம் என்று கொழுந்து பறிக்கிற ஒரு கத்தோலிக்கப் பெண். முதல் நாள் பிறந்த அவளுடைய பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். சுவாமியார் சரிந்த றோட்டுக்கு அந்தப் பக்கம், பதினான்கு மைலில்.

ஜெபிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று வேதப்புத்தகத்தை விரித்தேன். "செபம் அப்பறம் பண்ணலாங்க ஐயா. மொதல்ல தண்ணி ஊத்துங்க" என்றாள். முந்தி ஒரு பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் செத்ததாம். கோயில் மயானமான சேமக்காலைக்குள் இடம் கிடைக்காமல், வேலிக்கு வெளியே தேயிலைக்குள் புதைத்தார்களாம். கொழுந்துக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தைச் சுற்றித்தான் போவாளாம். "இதயும் வேலிக்கு வெளிய போட்டுறாதீங்க ஐயா."

நான் எங்கள் சபைக் கொள்கையைச் சொன்னேன். அன்ரோனெற், சாகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கொள்கை சொன்னேன். பிறகு, நீயே ஊற்றலாம், அவசரத்துக்கு யாரும் ஊற்றலாம் என்று உங்கள் கோயிலே சொல்கிறது என்றேன். நீயும் நானும் ஞானோபதேச வகுப்பில் பாடமாக்கினதுதானே. அவள் கை இரண்டையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "புள்ள பெத்த தீட்டுக் கையிங்க. இதால ஊத்துனா ஏறுமா?" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "ஒங்க ஆளுங்கள ஆத்துல முழுசா முக்குறீங்க. எம்புள்ளைக்கு ஒரு கை தண்ணி தரமாட்டீங்களா ஐயா?"

குடத்திலிருந்து கையால் அள்ளினேன். பெயர் கேட்டேன். மிக்கேல் என்றாள். மூன்றுதரம் ஊற்றினேன். வாயில் வந்தது எங்கள் சபையில் சொல்கிற சொல் அல்ல, அம்மா சொல்லித்தந்த பழைய சொல்: பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து. மூன்றரை மணிக்குப் பிள்ளை போய்விட்டது. அடுத்தநாள் வேலிக்கு உள்ளே புதைத்தோம். மழையில் மண் பிடிக்கவில்லை, குழியை இரண்டுதரம் வெட்டினேன்.

எங்கள் சபையின் மேற்பார்வைப் போதகருக்கு நானே எழுதிவிட்டேன். நான் நம்பாத ஒன்றைச் செய்தேன். செய்தது சரி என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒன்றாக எப்படி வைத்திருப்பது என்று இன்னும் தெரியவில்லை.

உன் பிள்ளைக்கு மாட்டேன் என்றவன் யாரோ ஒருத்தியின் பிள்ளைக்கு ஊற்றினான் என்பதை நீ வேறு வாயால் கேட்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எமிலியானுஸ்

*

பேசாலை
8.12.1959, மாதா திருநாள்

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் அடுப்புக்குள் போடத்தான் போனேன். முன்பின் தெரியாத பிள்ளைக்கு ஓடிப்போய் ஊற்றினீர்கள். சொந்த மருமகளுக்கு மாட்டேன் என்று பக்கம் பக்கமாக எழுதினீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் கொஞ்சம் எரிகிறது, அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் உங்களுக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. ஒக்டோபரில் பிள்ளைக்கு இரண்டு நாள் கடுங்காய்ச்சல். பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை. இவர் கையில் செம்போடு வந்து, "அன்ரோனெற், சுவாமியாரைக் கூப்பிடுவம், இல்லாட்டி நானே ஊத்துறன்" என்றார். நான்தான் செம்பைத் தட்டிவிட்டேன். "என்ர அண்ணை வருவார், பொறுங்கோ" என்றேன். உங்களைக் கோயிலுக்கு இழுக்கப் பிள்ளையைத் தூண்டிலில் கோர்த்து வைத்திருந்தேன். அவள் போயிருந்தால்? அந்தத் தாய் ஆரோக்கியத்துக்குத் தன் கையில்தான் பயம், அவள் பிள்ளையை வைத்துப் பந்தயம் பிடிக்கவில்லை. அதை வாசித்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுப்படியிலேயே இருந்து அழுதேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனது கடைசியில் நான்தான்.

சொன்னபடி ஒக்டோபர் கடைசி ஞாயிறே ஞானஸ்நானம் நடந்துவிட்டது. இவருடைய தம்பி பஸ்ரியன் ஞானத்தகப்பனாக நின்றார். பெயரும் வைத்தாயிற்று. பிள்ளை வீரிட்டாள், நானும் அழுதேன், பஸ்ரியன் பயத்தில் மெழுகுதிரியை அணைத்துவிட்டார்.

மிக்கேலுடைய சங்கதியைச் சுவாமியாருக்குச் சொன்னேன். நீங்கள் கொடுத்தது செல்லும் என்றார், சந்தேகமே இல்லையாம். இனி உங்களைத் திரும்பி வா என்று கேட்க மாட்டேன். கேட்டது அன்பால் மட்டும் அல்ல, தோற்கக்கூடாது என்ற வீம்பும் இருந்தது.

ஜனவரி பத்தாம் திகதி காது குத்துகிறோம். அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். அதில் சுவாமியாருக்கும் வேலையில்லை, உங்கள் போதகருக்கும் வேலையில்லை. வாங்கோ அண்ணை.

உங்கள் தங்கச்சி,
அன்ரோனெற்

*

கல்லாற்றுத் தோட்டம்
19.12.1959

கர்த்தர் நல்லவர்

என் அன்புத் தங்கச்சிக்கு,

மேற்பார்வைப் போதகர் நேரில் வந்தார். நல்ல மனிதர், ஆனால் சட்டம் பார்க்கிறவர். சபைக்கு முன் எழும்பி, செய்தது பிழை என்று சொல்லச் சொன்னார். எழும்பினேன். "சின்னப் பிள்ளைக்கு ஊற்றுவது ஞானஸ்நானம் அல்ல என்று நேற்றும் சொன்னேன், நாளைக்கும் சொல்வேன். ஆனால் ஆரோக்கியம் திரும்பக் கேட்டால் திரும்பவும் ஊற்றுவேன்" என்றேன். பிறகு செல்வநாயகம் கங்காணி மட்டும் "ஆமென்" என்றார், இந்தமுறை எல்லோருக்கும் விளங்கியது. மூன்று மாதம் பிரசங்கம் செய்யக்கூடாது என்று உத்தரவு. உன் சுவாமியாருக்குச் செல்லுகிற காரியம் என் சபையில் செல்லாது, அதற்குத்தான் தண்டனை.

வாயைத்தான் கட்டியிருக்கிறார்கள், காலைக் கட்டவில்லை. பதுளையில் றெயில் ஏறி எட்டாம் திகதி பேசாலை ஸ்ரேசனில் இறங்குகிறேன். நீங்கள் பூசைக்குப் போகிற நேரம் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கோ. எங்கள் பாட்டுகளைப் பாடிக் காட்டுவேன், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சிங்கராசாவுக்கு என் அன்பு. செம்போடு வந்தாரே, அவர் நம் இரண்டு பேரிலும் பார்க்கப் புத்திசாலி.

அன்ரோனெற், மூன்று மாதமாக அவளை வைத்து எழுதி எழுதி அடிபட்டோம். நான் அவளுடைய பெயரை ஒருதரமாவது கேட்கவில்லை. நான் றெயில் ஏறுமுன் எழுதிப் போடு. இறங்கினதும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

அன்புள்ள அண்ணன்,
எமிலியானுஸ்