உங்கள் பெயரில் கூப்பிடுகிறார்கள்

2004 ஆகஸ்ட் 17, செவ்வாய், பகல் பன்னிரண்டு பத்து. காலையிலிருந்து ஒன்பது தடவை உங்கள் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள், அப்பா.

நேற்றுக் கொடுத்த புது அடையாள அட்டைதான் காரணம். கல்கத்தா சால்ட் லேக்கில் நான் புரோகிராம் எழுதும் இந்த ஆபீஸில் புகழேந்தி என்ற பெயர் யார் வாயிலும் உருப்படியாக வருவதில்லை. அதனால் குடும்பப்பெயரை மட்டும் பெரிதாக அச்சடித்துவிட்டார்கள். நமக்கேது குடும்பப்பெயர்? அந்த இடத்தில் இருப்பது நீங்கள். மாற்ற வேண்டுமென்றால் ஐந்து மணிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். அது கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வெளியே மழை. கண்ணாடிக்கு அப்பால் கட்டடங்கள் கரைந்துகொண்டிருக்கின்றன. எங்கிருந்தோ உங்கள் பெயர் மிதந்து வருகிறது. இரண்டு மேஜை தள்ளி நீங்கள் உட்கார்ந்திருப்பதாக அரை நொடி தோன்றுகிறது. கூப்பிட்டது என்னை என்று அப்புறம்தான் உறைக்கிறது.

பத்தாம் வகுப்புப் பரீட்சைப் படிவத்தில் அதை எழுதியது நீங்கள்தான். வெறும் இனிஷியலைப் பள்ளி கிளார்க் ஏற்கவில்லை. உங்கள் முழுப்பெயரை என் பெயருக்குப் பின்னால் எழுதினீர்கள். பெஹாலாவில் நம் வீடு வரைக்கும் பஸ்ஸில் சண்டை போட்டேன். ஏற்கெனவே அட்டெண்டன்ஸ் எடுக்கும் ஒவ்வொரு வாத்தியாரும் என் பெயர் வந்ததும் நின்று, மூக்கைச் சொறிந்து, ரோல் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ராஜான்னு வெச்சிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

"ராஜான்னா எவனும் ரெண்டாவது தடவை கேக்க மாட்டான்டா" என்றீர்கள், ஜன்னலைப் பார்த்தபடி. அசட்டுத்தனமான பதில் என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனீர்கள். அம்மா என்னை உங்கள் ரயில்வே ஆபீஸுக்கு அனுப்பினாள். வாசலில் உங்கள் பெயரைச் சொன்னேன். அப்படி யாரும் இல்லை என்றார்கள். மாடியிலும் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே செக்ஷனில் இருந்த ஆள்! கடைசியில் ஃபைல் கட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஆரே, ஆமாதேர் மத்ராஜி-தா!" எங்கள் மதராஸி அண்ணன். அதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று என்னையே கடிந்துகொண்டார்.

கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அசடு வழியச் சிரித்தீர்கள். "நல்லவங்கதான்டா. கேக்கணும்னு தோணல, அவ்ளோதான்."

திரும்பும்போது யோசித்தேன். அம்மாவுக்கு நீங்கள் "இங்க பாருங்க". எனக்கு அப்பா. பக்கத்து வீட்டு வங்காளி மாஷிக்கு, என் பெயரைச் சுருக்கி, புகுவின் பாபா, புகுவின் அப்பா. உங்கள் பெயர் இந்த ஊரில் தபால்காரர் மட்டும் படித்த பெயர்.

போன மார்கழியில், சுடுகாட்டில், பதிவேடு எழுதியவர் சரிபார்க்க அதை ஒருமுறை உரக்கப் படித்தார். இந்த ஊர்க்காரர் ஒருவர் அதை முழுதாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். இப்போது டீ கொண்டுவருபவர் முதல் மேனேஜர் வரை சொல்கிறார்கள். வங்காள வாயில் கொஞ்சம் உருண்டு, ஈரமாக வருகிறது. பரவாயில்லை.

இனி செய்யப்போவது:

1. படிவத்தை நிரப்பாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
2. என் பெயரை யாராவது கேட்டால், எரிந்து விழாமல் இரண்டாவது தடவையும் சொல்வேன்.
3. உங்கள் பெயர் காதில் விழுந்தால் உடனே திரும்ப மாட்டேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும்.