மேல் பட்டையைக் காணோம்

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். போனில் சொல்லாமல் கம்ப்யூட்டரில் டைப் அடித்து அனுப்புகிறேனே என்று திட்டாதே. வக்கீல் ஆபீசில் ஒரு மாதம் என்னை வைத்துப் பார்ப்பார்களாம். பிடித்தால்தான் வேலை. அதற்குள் கை பழக வேண்டும். எழுதுவது எளிது, எதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதுதான் பெரும்பாடு. நேற்று திரையின் மேலே இருந்த பொத்தான் பட்டையே மாயமாகிவிட்டது. ஹோம், இன்செர்ட் என்ற தலைப்புகள் மட்டும் மொட்டையாக நிற்கின்றன. நான் எதையும் தொடவில்லை, சத்தியமாக!

உன் அம்மா

ஜூன் 6

அம்மாவுக்கு,

தொடாமல் அது எப்படிப் போகும்? ஹோம் மேல் டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டியிருப்பாய். அதே மாதிரி இன்னொரு முறை தட்டு, வந்துவிடும்.

உனக்கு எதற்கம்மா இந்தப் பாடு? அப்பா போன பிறகு நீ தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டை ஒழித்துவிட்டு இங்கேயே வந்துவிடு, ஒரேயடியாக. உன் மாப்பிள்ளையும் அதையேதான் சொல்கிறார்.

உன் மகள்

ஜூன் 11

அன்பு மகளுக்கு,

பட்டை வந்துவிட்டது, மானம்தான் போனது. ஒரு நீளமான மனுவுக்குப் பக்க எண்களை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையாலேயே அடித்து வைத்தேன். வக்கீலம்மா முதல் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்தார். அவ்வளவுதான், எண்களெல்லாம் இறங்கிப் போய் அடுத்தடுத்த பக்கங்களின் தலையில் உட்கார்ந்துகொண்டன. குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்குத்தான் வயசுப் பிள்ளைங்களா பாத்து எடுங்கன்னு சொன்னேன்" என்று என் காதுபடவே சொன்னார்.

அழுகை முட்டியது. அப்புறம் ரோஷம் வந்தது. எல்லோரும் சாப்பிடப் போனதும் ஒவ்வொரு தலைப்பாகத் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் படித்தேன். பக்க எண் இன்செர்ட்டுக்குள் இருந்தது. ஒரே தட்டு, கடைசிப் பக்கம் வரை அதுவே போட்டுக்கொண்டது!

உன் அம்மா

ஜூன் 15

அம்மாவுக்கு,

நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. நீ சாமர்த்தியசாலி என்று எனக்குத் தெரியும், பேச்சை மாற்றாதே. அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், வர மட்டும். கோபித்துக்கொள்ளாமல் கிளம்பி வா.

உன் மகள்

ஜூலை 5

அன்பு மகளுக்கு,

கோபம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கோபத்தை விழுங்கிவிட்டது.

வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று குமாஸ்தா வந்து நின்றார். "அக்கா, இந்தப் பக்கத்த மட்டும் அகலவாக்குல திருப்பணும், எங்க இருக்கு?" என்றார். "லேஅவுட்டுக்குள்ள பாருங்க" என்றேன், தலையைத் திருப்பாமல். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

யார் யாருக்கோ மனு அடிக்கிறேன். இன்று முதல் தடவையாக எனக்கே ஒன்று அடித்தேன், மகள் வீட்டுக்குப் போய்வர இரண்டு வாரம் லீவு கேட்டு. வக்கீலம்மா உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். திரும்பி வரும் டிக்கெட்டை நானே எடுத்துவிட்டேன். நீ கோபித்துக்கொள்ளாதே கண்ணு.

ஒரு சின்னப் பெட்டிதான் கொண்டுவருகிறேன்.

உன் அம்மா